சிங்கராசா முதுகு தேய்த்த கார்

மன்னார்த் தீவில் ஓடுகிற மின்சாரம் எல்லாம் கொலின்ஸ் மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஓடுகிறது.

இதைச் சொன்னவர் கொலின்ஸ் மாமாதான். சிரிக்காமல் சொன்னார். இடது கையில் ஒரு வயரும் வலது கையில் ஒரு வடையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வயர் எண்டால் என்னைக் கண்டு நடுங்கும், பிள்ளை. பேசாலைக் கரையில போய்க் கேட்டுப் பார். எத்தனை படகுக்கு லைற் பூட்டியிருக்கிறன்! ஒண்டாவது கடலுக்குள்ள அணைஞ்சு நூந்திருக்கோ?"

கிருஷாந்தினிக்குப் பதினொரு வயது. தோட்டவெளியிலிருந்து பேசாலைக்குப் போய் ஒவ்வொரு படகாக விசாரிக்க அவளுக்கு நேரமில்லை. அதனால் தலையாட்டினாள். கொலின்ஸ் மாமா அவளுடைய அம்மாவின் தம்பி. அவர் சொல்வதை மறுக்கலாம். ஆனால் மறுத்தால் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். விளக்கம் முடிவதற்குள் தேநீர் ஆறி, வடையும் தீர்ந்துபோகும்.

அவர்களுக்கு முன்னால், வேப்பமர நிழலில், அந்தக் கார் நின்றது.

அது ஒரு பழைய மொரிஸ் மைனர். அப்பா நீக்கிலாஸ் அதைக் கட்டுக்கரைப் பக்கத்து வயல் வீடொன்றில் கண்டெடுத்தார். அப்போது அது கார் இல்லை, கோழிக்கூடு. முன் இருக்கையில் இரண்டு பேடுகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. பின் இருக்கையில் சேவல் குடியிருந்தது. அவை மனமில்லாமல்தான் இறங்கின. சேவல் கடைசிவரை இறங்கவே இல்லை. அதைத் தூக்கி இறக்கவேண்டியிருந்தது.

அப்பா பல மாதங்கள் உட்கார்ந்து அந்தக் காரைத் திரும்பவும் காராக்கினார். என்ஜின் அப்பாவின் வேலை. விளக்கு, ஹோர்ன், பெயின்ற் எல்லாம் கொலின்ஸ் மாமாவின் வேலை. கேள்வி கேட்பது கிருஷாந்தினியின் வேலை.

எருக்கலம்பிட்டி மஹ்மூது ஹாஜியாரின் மகன் பவ்ஸானுக்குச் சனிக்கிழமை கல்யாணம். பெண் வீடு பாலத்துக்கு அப்பால், கொண்டச்சியில். மாப்பிள்ளை இந்தக் காரில்தான் போவேன் என்று சொல்லிவிட்டார். அதுதான் காருக்குக் கிடைத்த முதல் ஓட்டம்.

அப்பா ஒருநாள் காரைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொல்லியிருந்தார். "இந்த ஓட்டம் நல்லாப் போனால் மற்றக் கல்யாண வீட்டுக்காரரும் கூப்பிடுவினம், பிள்ளை. நான் இஞ்சையே இருப்பன். போகாட்டி, பெரியப்பா கட்டாரில வேலை பார்த்து வைச்சிருக்கிறார். ஓம் எண்டு சொல்லவேண்டியதுதான்."

கட்டார் எங்கே இருக்கிறது என்று கிருஷாந்தினி பள்ளிக்கூடத்து வரைபடத்தில் பார்த்தாள். வரைபடத்திலேயே தூரமாக இருந்தது. அவள் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நேரே காரிடம் வந்தாள்.

வயர் பூட்டுகிறபோது அவள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே ஒரு வயர்தான் போனது.

"அப்பா, கரண்ட் விளக்குக்குப் போறதுக்கு ஒரு வயர் சரி. திரும்பி வாறதுக்கு?"

"அது காரின்ர உடம்பால வரும். இரும்பெல்லோ? உடம்பு முழுக்க அதுக்கு றோட்டுத்தான்."

"திரும்பி வராட்டி?"

"விளக்கு எரியாது."

"பேந்தென்ன, கரண்டுக்கு வீடு வாசல் எல்லாம் இருக்குப் போல!" என்று சிரித்தார் கொலின்ஸ் மாமா. "பின்னேரமானால் பிள்ளைகுட்டியைப் பார்க்கத் திரும்பி வருமாக்கும். எனக்குத் தெரியாத றோட்டோ? தள்ளு, தள்ளு. பெயின்ற் அடிக்கவேணும்."

பெயின்ற் என்றால் சாதாரணப் பெயின்ற் இல்லை. படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்ற். கொலின்ஸ் மாமா அதைத் தூரிகையால் பூசினார். காய்ந்ததும் திரும்பப் பூசினார். அதுவும் காய்ந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் பூசினார்.

"கார் கடற்கரையில நிக்கிறது. உப்புக்காத்து சும்மா விடாது. ஊசி முனை இடமும் விடக்கூடாது! உப்புக்காத்து வரவேணும், சுத்திப் பார்க்கவேணும், இருக்க இடமில்லையெண்டு தலைமன்னாருக்குத் திரும்பிப் போகவேணும்."

கதவின் உட்புறம், விளக்குப் பூட்டுகிற குழி, ஆணி போகிற ஓட்டை, எதையும் அவர் விடவில்லை. பக்கத்தில் கழற்றி வைத்திருந்த கிருஷாந்தினியின் செருப்பையும் விடவில்லை. அதற்கும் இனி உப்புக்காற்றால் ஆபத்தில்லை.

அந்தப் பெயின்ற் காய்ந்து, விளக்குகள் பூட்டிய அன்று பின்னேரம் சிங்கராசா வந்தது.

சிங்கராசா ஒரு கழுதை. மன்னாரில் கழுதைகள் றோட்டில் நிற்கும். வாகனங்கள்தான் ஒதுங்கிப் போகவேண்டும். ஒரு லொறி ஒதுங்காததால் சிங்கராசாவுக்கு ஒரு கால் நொண்டி. கிருஷாந்தினி அதற்கு ஒரு வாளி தண்ணீரும் வாழைப்பழத் தோலும் தினமும் வைப்பாள். பேர் வைத்ததும் அவள்தான். நொண்டுகிற கழுதைக்கு ஒரு கம்பீரமான பேராவது இருக்கட்டுமே என்று நினைத்தாள்.

சிங்கராசா தண்ணீரைக் குடித்தது. தோலைத் தின்றது. பிறகு புதுக் காரைப் பார்த்தது. அதற்கு முதுகு அரித்திருக்கவேண்டும். காரின் பின்பக்கத்தில், இடது விளக்கு இருக்கிற இடத்தில், முதுகை வைத்து நன்றாகத் தேய்த்தது.

விளக்கு கழன்று தொங்கியது. அடியில் இருந்த நீலப் பெயின்ற் உரிந்து இரும்பு பளபளத்தது.

கொலின்ஸ் மாமா வாயைத் திறந்தபடி நின்றார். வெகு நேரம் அதிலிருந்து சத்தம் வரவில்லை. அது வீட்டில் எல்லோருக்கும் இன்னொரு அதிர்ச்சி.

"என்ர பெயின்ற்!" என்றார் கடைசியில். "பார் அக்கா, உன்ர மகள் செய்த வேலையை! கழுதைக்கு விருந்து வைச்சால் இப்பிடித்தான். நாளைக்கு வாழையிலை போடு, பிள்ளை. பாயசமும் ஊத்து. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில நிண்டு, 'சாப்பிடுங்கோ, சிங்கராசா அண்ணை' எண்டு சொல்லு!"

பெயின்ற் தகரம் காலியாகியிருந்ததால் திருப்பிப் பூச முடியவில்லை. அப்பா பேசாமல் அந்த விளக்கை எடுத்து, இரண்டு ஆணியைப் போட்டு, அதே இடத்தில் இறுக்கினார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் பரிசோதனை. அப்பா சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமியது, தும்மியது, பிறகு அழகாக ஓடியது. அம்மா சிசிலியா குசினியிலிருந்து வந்து கைதட்டினாள்.

"இனி லைற்றைப் பாருங்கோ!" என்றார் கொலின்ஸ் மாமா. "அத்தான், பிரேக்கை மிதியுங்கோ."

அப்பா பிரேக்கை மிதித்தார்.

முன்னால் இருந்த இரண்டு சின்ன விளக்குகளும் அரைத் தூக்கத்தில் கண் விழித்ததுபோல மங்கலாக எரிந்தன.

எல்லோரும் காரின் முன்பக்கத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரேக் மிதித்தால் எரியவேண்டியது பின்னால்.

"மாமா, ஏன் முன்னுக்கு எரியுது?"

"அது... பின்னால வாறவனுக்கு மட்டுமில்லை, முன்னால வாறவனுக்கும் தெரியத்தானே வேணும்? அத்தான், வலது சிக்னலைப் போடுங்கோ."

அப்பா வலது சிக்னலைப் போட்டார். பின்பக்கத்து விளக்குகள் வலது, இடது பாராமல் எல்லாம் சேர்ந்து துடித்தன. கார் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று காருக்கே தெரியாததுபோல இருந்தது.

"ஹோர்ன்?"

ஹோர்ன் அடிக்கவில்லை. முன்விளக்கு மட்டும் மங்கலாக ஒருமுறை முழித்துப் பார்த்தது.

கொலின்ஸ் மாமா உடனே காருக்குள் தலைகீழாகப் புகுந்தார். கால் இரண்டும் வெளியே நின்றன. உள்ளே இருந்த வயர்களை எல்லாம் பிடித்து இழுத்தார். திடீரென்று, "ஐயோ! கரண்ட்! கரண்ட் பிடிச்சிட்டுது!" என்று ஒரு கூச்சல்.

அப்பா பற்றரியைக் கழற்ற ஓடினார். கரண்ட் பிடித்தவரைக் கையால் தொடக்கூடாது, காய்ந்த தடியால் தட்டிவிடவேண்டும் என்று அம்மா எங்கோ கேட்டிருந்தாள். குசினி அகப்பையோடு வந்து, வெளியே நின்ற கால்களில் மூன்று அடி போட்டாள்.

கொலின்ஸ் மாமா வெளியே வந்தார். அவருடைய காதில் ஒரு முசுறு தொங்கிக்கொண்டிருந்தது. வேப்பமரத்திலிருந்து இறங்கி காருக்குள் குடிவந்த எறும்பு அது. கோழிகள் காலி செய்த வீடு அதற்குப் பிடித்திருக்கவேண்டும்.

"அக்கா, ரெண்டு அடியோட நான் கத்துறதை நிப்பாட்டிட்டன். மூண்டாவது எதுக்கு?"

"முதல் ரெண்டும் பிடிச்சுதோ எண்டு பார்க்க."

கிருஷாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா காரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் பெயர் அதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மஹ்மூது ஹாஜியார் நேரே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. காரைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! நீக்கிலாஸ், இது காரா, கடலா? என்ன நீலம்!"

"நம்மட கைவேலைதான்," என்றார் கொலின்ஸ் மாமா.

ஹாஜியார் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். யாரும் தடுக்கமுன் பிரேக்கை மிதித்தார். வேப்பமர நிழலில் முன்விளக்குகள் மங்கலாக எரிந்தன. மதிலோரம் நின்ற சிங்கராசா அதை நிமிர்ந்து பார்த்தது.

ஹாஜியார் காலை எடுத்தார். விளக்கு அணைந்தது. திரும்ப மிதித்தார். திரும்ப எரிந்தது. ஹோர்னை அழுத்திப் பார்த்தார், சத்தம் வரவில்லை. அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி போய், பேயைக் கண்டவர் மாதிரி ஆகிவிட்டது.

"யா அல்லாஹ்! இதென்ன, பிரேக்க மிதிச்சா முன்னுக்கு முழிக்குது?"

"ஹாஜியார், அது ஒரு சின்ன..." என்று அப்பா தொடங்கினார்.

"தம்பி, நான் உங்களக் குறை சொல்லல்ல. ஆனா திரும்பி வாறப்ப இருட்டிப் போகும். அந்த றோட்டுல மாடு படுத்திருக்கும். மாப்பிள்ள பொண்ண வெச்சிக்கிட்டு, ஹோர்னும் இல்லாம எப்பிடி வாறது? பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லமுந்தி சரிவந்தா ஒரு கோல் எடுங்க. இல்லாட்டி மன்னார்ல ஒரு வேனப் பேசுறன். மனசுல வெச்சிக்காதீங்க."

அவர் போய்விட்டார். அப்பா திரும்பவும் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார்.

கொலின்ஸ் மாமா எழுந்தார். "எல்லா வயரையும் அறுத்துப்போட்டுப் புதுசா இழுக்கிறன். வேற வழியில்லை."

"மாமா, ஒரு நிமிஷம்," என்றாள் கிருஷாந்தினி. "அறுக்க முன்னம் ஒவ்வொண்டாப் பார்ப்பம். எல்லாத்தையும் ஒரேயடியாப் போட்டால் எது பிழை எண்டு எப்பிடித் தெரியும்? அப்பா, நீங்கள் உள்ளுக்கு இருங்கோ. நான் சொல்லுறதை மட்டும் மிதியுங்கோ."

அவள் காரைச் சுற்றி நடந்தாள். ஒன்றைப் போடச் சொன்னாள். பார்த்தாள். அணைக்கச் சொன்னாள். அடுத்ததற்குப் போனாள். வலது முன்விளக்கு மங்கல். இடது முன்விளக்கு மங்கல். வலது பின்விளக்கு, பிரேக் மிதித்தால் செத்த பிணம். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கோளாறு.

கடைசியாக இடது பின்விளக்குக்கு வந்தாள்.

"பிரேக், அப்பா."

விளக்கு பளிச்சென்று சிவந்தது. கிருஷாந்தினி திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனாள்.

"விடுங்கோ. திரும்ப மிதியுங்கோ."

திரும்பவும் பளிச். நல்ல சிவப்பு. நேற்று எல்லோரும் முன்பக்கத்தையே பார்த்துத் திகைத்துக்கொண்டிருந்ததில் இதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரே கார். ஒரே பற்றரி. ஒரே மாமா பூட்டிய வயர். இந்த ஒரு விளக்கு மட்டும் ஏன் ஒழுங்காக எரிகிறது? அவள் குனிந்து பார்த்தாள். விளக்கின் ஓரத்தில் கீறல். கீறலில் நீலம் இல்லை. பளபளக்கும் இரும்பு.

அவள் மெதுவாகத் திரும்பி மதிலோரம் பார்த்தாள். சிங்கராசா வாளிக்குள் தலையை விட்டிருந்தது.

"அப்பா!" கிருஷாந்தினி கத்தியதில் அப்பா காரின் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். "கரண்ட் போகுது, ஆனால் திரும்பி வர ஏலாமல் நிக்குது! மன்னார்ப் பாலத்தைப் பூட்டினால் தீவுக்குள்ள வந்த வாகனம் எல்லாம் எப்பிடிப் போகும்? கண்ட கண்ட ஒழுங்கைக்குள்ள பூந்து வழி தேடுமெல்லோ? அதுதான் பிரேக் விளக்குக்குப் போன கரண்ட் முன்விளக்குக்குள்ளால போகப் பார்க்குது!"

"பாலத்தை ஆர் பூட்டினது?" என்றார் கொலின்ஸ் மாமா.

கிருஷாந்தினி காரை முழுவதும் மூடியிருந்த நீலத்தைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். அகப்பையோடு வந்த அம்மாவும் பார்த்தாள். கடைசியாகக் கொலின்ஸ் மாமாவும் பார்த்தார்.

"இல்லை," என்றார் அவர். "படகுக்கும் இப்பிடித்தானே அடிக்கிறனான்! ஒரு கோளாறும் வாறேல்லையே!"

"படகில லைற்றுக்கு எத்தனை வயர் பூட்டுவீங்கள், மாமா?"

"ரெண்டு. படகு பைபரெல்லோ, அதுக்குள்ளால கரண்ட் போகா..." மாமா பாதியில் நின்றார். அவர் வாய் திறந்தே இருந்தது. படகில் போகவும் வரவும் இரண்டு வயர். உடம்பு முழுக்கப் பெயின்ற் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. காரில் திரும்பி வருகிற வழியே உடம்புதான். அந்த உடம்பில் ஊசி முனை இடமும் விடாமல் அவர் பெயின்ற் அடித்திருந்தார். உப்புக்காற்றுக்கு இருக்க இடமில்லை. கரண்டுக்கும் இல்லை.

"ஒவ்வொரு விளக்குக்கு அடியிலயும் கொஞ்சம் பெயின்றைச் சுரண்டவேணும்," என்றாள் கிருஷாந்தினி.

"என்ர பெயின்றையோ? சுரண்டுறதோ? அது கழுதை வேலை!"

"ஓம் மாமா. ஆனால் இந்தக் காரில கழுதை செய்த வேலை மட்டும்தான் சரியா வேலை செய்யுது."

அம்மா அகப்பையால் வாயை மறைத்துக்கொண்டாள். அப்பா குனிந்து செருப்பைச் சரிசெய்தார். செருப்பில் ஒரு பிழையும் இல்லை.

கொலின்ஸ் மாமாவின் காது சிவந்துவிட்டது, முசுறு கடிக்காத காதும்கூட. அவரைப் பார்க்கக் கிருஷாந்தினிக்குப் பாவமாக இருந்தது. அப்பா இங்கேயே இருக்கவேண்டும் என்றுதானே அவரும் இவ்வளவு நாள் வெயிலில் நின்றார்?

"மாமா, சுரண்டின இடத்தில உப்புக்காத்துப் பட்டால் துருவேறிக் கறள் பிடிக்கும்தானே? நான் சுரண்டி முடிய, நீங்கள் மேலால கிறீஸ் பூசிவிடுங்கோ. உங்களை விட்டால் அதை ஊசி முனை இடம் விடாமல் பூச ஆருக்குத் தெரியும்?"

கொலின்ஸ் மாமா கிறீஸ் தகரத்தைக் கையில் எடுத்தார்.

"அது சரி," என்றார். "அதுக்கு ஒரு கை வேணும்."

அப்பா ஆணியைக் கழற்றினார். கிருஷாந்தினி சாண்ட் பேப்பரால் தேய்த்தாள். இரும்பு தெரிந்ததும் அப்பா திரும்ப இறுக்கினார். மாமா கிறீஸ் பூசினார். வலது பின்விளக்கு முதலில். பிரேக் மிதித்தால் பளிச்! முன்னால் ஒரு விளக்கும் முழிக்கவில்லை. வலது சிக்னல் போட்டால் வலது பக்கம் மட்டும். அம்மா ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சத்தம் போட்டாள். அவளால் நம்பவே முடியவில்லை.

கடைசியாக ஹோர்ன். அது காரின் முன்பக்கத்துக்குள் இருந்தது. மாமா தலையை உள்ளே விட்டு, கிறீஸ் எல்லா இடமும் பட்டதா என்று மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அதைக் கவனிக்காமல் ஹோர்னை அழுத்திவிட்டார்.

வேப்பமரத்துக் காகங்கள் ஒன்றும் மிஞ்சாமல் பறந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. நொண்டிக் காலை மறந்து சிங்கராசா பாய்ந்த பாய்ச்சலில் வாளி அதன் தலையோடு போய்விட்டது. மாமா நிலத்தில் குந்தியிருந்தார். முகம் முழுக்கக் கிறீஸ். வெள்ளையாகத் தெரிந்தவை இரண்டு கண்களும் பற்களும்தான்.

"அடிக்குது," என்றார் மிக மெதுவாக.

அப்பா ஹாஜியாருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தொலைபேசியை வெளியே நீட்டி ஹோர்னை அடித்தார். மறுமுனையில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

"யாரு அது?" என்று ஹாஜியாரின் குரல் நடுங்கியது. பிறகு, "நீக்கிலாஸா? சரிவந்திச்சா? அல்ஹம்துலில்லாஹ்! ஒரு கோப்ப போனாப் போகட்டும். காலையில காரக் கொண்டு வாங்க!" என்றது.

மஃரிபு பாங்கு அதற்குப் பிறகுதான் கேட்டது.

சனிக்கிழமை அந்த நீலக் கார் மல்லிகைச் சரங்களோடு பாலத்தைக் கடந்து கொண்டச்சிக்குப் போனது. 'கரண்டுக்குப் பொறுப்பு' என்று சொல்லிக் கொலின்ஸ் மாமாவும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் எருக்கலம்பிட்டியில் இறக்கிவிட்டு அவர்கள் திரும்பியபோது பொழுதுபட்டிருந்தது. இரண்டு முன்விளக்குகளும் ஒழுங்கை முழுவதையும் பகலாக்கின.

அப்பா இறங்கி வந்து கிருஷாந்தினியின் தலையைத் தடவினார்.

"கொண்டச்சியில இன்னும் ரெண்டு கல்யாண வீட்டுக்காரர் நம்பர் கேட்டவை. பெரியப்பாவுக்கு வழியில நிண்டே கோல் எடுத்தனான். வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

கிருஷாந்தினி அப்பாவின் கையை விடவேயில்லை. விட்டால் கட்டாருக்குப் போய்விடுவார் என்பதுபோலப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் கொலின்ஸ் மாமா பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "அது பெரிய நுணுக்கம் அண்ணை. கரண்ட் எண்டால் போனால் மட்டும் காணாது, திரும்பி வரவேணும். அதுக்கெண்டு அங்கங்க பெயின்றைச் சுரண்டி விட்டனான். இந்த மன்னார்த் தீவில இது ஆருக்குத் தெரியும்?"

பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு மாமாவைக் காணவில்லை. தேநீர் குடிக்கக் கூப்பிடக் கிருஷாந்தினி வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். போனவள் சுவரோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

மதிலடியில் சிங்கராசா நின்றது. அதற்கு முன்னால் கல்யாண வீட்டுப் பொதி ஒன்று அவிழ்ந்திருந்தது. கதலி வாழைப்பழம், வெள்ளரிக்காய், கொஞ்சம் கரட். எல்லாவற்றுக்கும் அடியில் ஒழுங்காக ஒரு வாழையிலை விரித்திருந்தது.

கொலின்ஸ் மாமா இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சாப்பிடுங்கோ, சிங்கராசா அண்ணை," என்றார்.